கை பிடிக்க இரண்டு பேர்

பாரூர்
14-11-1957

தங்கை சரோஜாவுக்கு வெங்கடப்பன் எழுதுவது.

பொங்கலுக்கு நீ வந்து போனதிலிருந்து இந்த வீட்டிலிருந்து உனக்குக் கடிதம் போகவில்லை. நீயும் எழுதவில்லை. அதைப் பேச இப்போது நேரமில்லை. ஏரி நிரம்பி மதகு திறந்துவிட்டார்கள். நடவுக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறேன். அந்த அலைச்சலுக்கு நடுவில் இதை எழுதுகிறேன்.

பெருமாளை இனி எங்களால் வைத்துக்கொள்ள முடியாது.

பெங்களூர் மில்லில் வேலை செய்துகொண்டிருந்த உன் சின்னண்ணன் புத்தி கலங்கித் திரும்பி வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறும் துணியும் இந்த வீட்டில்தான். யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசுவான். "மில்காரங்க கூப்பிடறாங்க" என்பான். அவர்களுக்குக் கன்னடத்தில் பதில் சொல்வான். அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனது. இப்போது நடப்பது வேறு.

ஆடி மாதத்திலிருந்து முற்றிக்கொண்டே போகிறது. சோற்றுத் தட்டை வைத்தால் காலால் உதைக்கிறான். கடைக்குட்டி ராஜாத்தி வழியில் நின்றாள் என்று அவளைத் தள்ளி மிதித்துக்கொண்டு போனான். குழந்தைக்கு உதடு கிழிந்துவிட்டது. அடுப்பே மூட்டாத நேரத்தில், "புகை போட்டு என்னைக் கொல்லப் பாக்கறீங்க" என்று உன் அண்ணி நாகம்மாவைப் பார்த்துத் தெரு கேட்கக் கத்துகிறான். கிட்டே போனால் கையை வீசுகிறான்.

போன வருஷம் வாய்க்காலில் விழுந்து பிழைத்தான். அதனால்தான் காலில் சங்கிலி போட்டேன். அதைப் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு மறந்திருக்காது. நாய்க்குக்கூட இப்படிச் சோறு போடமாட்டார்கள் என்றாய். அக்கம்பக்கம் எல்லாம் கேட்கும்படி நாகம்மாவைப் பார்த்துச் சொன்னாய். அவள் அன்றும் மறுநாளும் சாப்பிடவில்லை.

மாப்பிள்ளை கால்நடைப் பண்ணை ஆபீசில் இருக்கிறார். பெங்களூருக்குப் போய் வருகிறவர். அங்கே மனநோய் ஆஸ்பத்திரியில் பெருமாளைக் கடைசிவரை வைத்துக்கொள்வார்களா என்று விசாரித்து எழுதச் சொல். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

வெங்கடப்பன்


ஓசூர்
19-11-1957

அன்புள்ள அண்ணாவுக்கு,

கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் பிரித்தேன். படித்து முடித்தபோது சந்தோஷம் இல்லை.

கடைசிவரை என்று எழுதியிருக்கிறீர்கள். சின்னண்ணனுக்கு நாற்பத்தாறு வயதுதான் ஆகிறது. எனக்கு முதல் சிலேட்டு வாங்கிக் கொடுத்தது அவர். பெங்களூரிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் பிஸ்கோத்துப் பொட்டலம் இல்லாமல் வந்ததில்லை. அவரை ஓரிடத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வா என்று என் புருஷனிடம் நான் எப்படிச் சொல்வேன்?

நீங்கள் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியாது என்று நினைக்கவேண்டாம். ஆனால் வருஷத்துக்கு ஒருதரம் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறவளுக்கு எவ்வளவு தெரிந்துவிடும் என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயம்தான். அன்றைக்கு நான் பேசியது அதிகம்தான். சங்கிலியைப் பார்த்த கண்ணால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

ஒன்று செய்கிறேன். அவரை முதலில் இங்கே அழைத்து வருகிறேன். இந்தச் சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும். என்னாலும் முடியவில்லை என்றால் நானே உங்களுக்கு எழுதுகிறேன், பிறகு பெங்களூரைப் பற்றிப் பேசலாம். வீட்டில் ஒரு குழந்தையும் பள்ளிக்கூடத்தில் நாற்பது குழந்தைகளும் வைத்துக்கொண்டு இவள் எப்படிச் சமாளிப்பாள் என்று அண்ணி கேட்பார்கள். கேட்கட்டும். எனக்கே தெரியவில்லை.

வரும்போது சங்கிலி அவர் காலில் இருக்கக்கூடாது. அது ஒன்றுதான் நான் கேட்பது.

சரோஜா


ஓசூர்
8-12-1957

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சத்தமாகப் படியுங்கள்.

சின்னண்ணன் வந்த முதல் வாரம் நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை என்று நினைத்தேன். தட்டை உதைத்தார். கதவில் மோதிக்கொண்டு கதவைத் திட்டினார். என் மகன் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான், அவன் மேலேயே உட்காரப் போனார். இவர்கூட, "வெங்கடப்பன் சொன்னது சரிதான் போல" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை நாவிதரை வரவழைத்தோம். தலைமுடி முகத்தை மூடித் தோளில் புரண்டுகொண்டிருந்தது, உங்களுக்குத் தெரியும். கத்தரிக்கோல் சத்தத்துக்குப் பயந்தார். நான் முன்னால் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னண்ணா, நான்தான் சரோஜா, தலையைத் தூக்குங்க" என்றேன். முடி போன பிறகு முகத்தை நிமிர்த்தினேன். வெயில் நேராக முகத்தில் விழுந்தது.

அண்ணா, இரண்டு கருவிழிக்கு நடுவிலும் வெள்ளையாக இருந்தது. பால் துளி விட்டதுபோல. சத்தம் செய்யாமல் முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். இமை அசையவில்லை.

"என்னைத் தெரியுதா?" என்றேன். "நீ பேசறது தெரியுது. ஒரே புகையா இருக்குதே, எப்பிடித் தெரியும்?" என்றார்.

புகை புகை என்று அவர் கத்தியது அதைத்தான். யாரும் அடுப்பு மூட்டவில்லை, ஆனால் அவருக்கு உலகம் முழுக்கப் புகையாகத்தான் இருந்திருக்கிறது. தட்டை அவர் உதைக்கவில்லை. தட்டு அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. ராஜாத்தியை மிதிக்க நினைக்கவில்லை. வாய்க்காலும் அப்படித்தான். கிட்டே யாரோ வருவது மட்டும் தெரிந்து, யார் என்று தெரியாவிட்டால் நானும் கையை வீசத்தான் செய்வேன்.

மறுநாளே இங்குள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் வயதில் சிறியவர். கண்ணைப் பார்த்துவிட்டு, "புரை நன்றாக முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் பார்வை வர நிறைய வாய்ப்பு உண்டு" என்றார். அதோடு விடவில்லை. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், சங்கிலி அறுத்த கணுக்கால் புண்ணைக் கழுவி மருந்து வைத்தார். எடை போட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "இவரை இதற்கு முன் எந்த டாக்டராவது தொட்டுப் பார்த்திருக்கிறாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஏன்?" என்றார்.

வேப்பிலை அடித்தோம், குணசீலம் கோயிலுக்குப் போனோம், தாயத்துக் கட்டினோம். இவ்வளவும் அவர் மனசுக்குச் செய்தோம். அவருக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே நம்மில் யாருக்கும் தோன்றவில்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை அண்ணா. பொங்கலன்று நானும்தான் காலைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

பைத்தியம் முற்றவில்லை. கண் மறைந்திருக்கிறது. அவ்வளவுதான். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வருகிறது.

சரோஜா


பாரூர்
13-12-1957

சரோஜாவுக்கு,

நீ சொன்னபடியே உட்காரவைத்துப் படித்தேன்.

நாகம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ அவருக்கு எம்மேல கோவம் இல்லியா?" எனக்குப் புரியவில்லை. "நான் புகை போடறேன்னு சொல்லிக்கினு இருந்தாரே, நெசமாவே புகை தெரிஞ்சதாலயா? நான் போடற சோறு புடிக்காம இல்லியா?" என்றாள். அப்படி இல்லையாம் என்றேன். எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு உற்சாகமாக அவள் பாத்திரம் தேய்த்து நான் கேட்டதில்லை. இத்தனை மாதமாக அவள் மனதில் என்ன இருந்தது என்பது எனக்கே தெரியவில்லை.

ராஜாத்தியிடமும் சொன்னோம். சித்தப்பாவுக்குக் கண் தெரியாது, அதனால்தான் இடித்தார் என்று. அவள் உடனே கண்ணை மூடிக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்து, தூணில் மோதி அழுதாள்.

நான் என்ன நினைத்தேன் என்று எழுதத் தெரியவில்லை. நல்ல சேதி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். கரும்புத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது நினைவு வந்து, தனியாக ஒருதரம் சிரித்தேன். பக்கத்துக் காட்டு நாராயணப்பன் பார்த்துவிட்டு, "ஏம்பா, உனக்கும் தொத்திக்கிச்சா?" என்றான்.

ஆபரேஷன் எங்கே செய்வார்கள், சீக்கிரம் விசாரி. ஒரு மூட்டை அரிசியும் கொஞ்சம் வெல்லமும் பஸ்ஸில் போட்டிருக்கிறேன். அவனுக்கு வெல்லம் பிடிக்கும்.

வெங்கடப்பன்


ஓசூர்
6-1-1958

அன்புள்ள அண்ணா,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் எழுத நல்லதாக ஒன்றும் இல்லாததுதான். இன்றைக்கு இருக்கிறது. ஆனால் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரில் கண் டாக்டர் ஒருவரிடம் போனோம். கண்ணைப் பார்த்தவரை நன்றாகத்தான் பேசினார். நடுவில் சின்னண்ணன் சுவரைப் பார்த்துக் கன்னடத்தில், "பர்த்தினி, பர்த்தினி" என்று, வருகிறேன் என மில்காரர்களுக்குப் பதில் சொல்லவும் டாக்டர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் தலையை அசைக்காமல் மல்லாந்து படுத்திருக்கவேண்டுமாம், இவர் கட்டைப் பிய்த்துவிடுவாராம், கண்ணே போய்விடுமாம். "முதலில் இவர் புத்தியைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

சரி என்று மனநோய் டாக்டரிடம் போனோம். அவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். புதிதாக வந்திருக்கிற ஒரு மாத்திரையைக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, வீட்டிலேயே இருக்கலாம் என்றார். "ஆனால் கண் என் கையில் இல்லை, கண் டாக்டரிடம் போங்கள்" என்றார். இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மாத்திரை மட்டும் வேலை செய்கிறது. மில்காரர்கள் பேசுகிறார்களா என்று கேட்டால், "பேசறாங்க, ஆனா கேட்டுக்கு வெளிய நின்னு பேசறாங்க" என்கிறார்.

இப்போது நல்ல சேதி. கிருஷ்ணகிரியில் தை மாதக் கடைசியில் மிஷன்காரர்கள் கண் முகாம் நடத்துகிறார்கள். அதற்கு ஆள் தேர்ந்தெடுக்க யேசுராஜ் என்கிற டாக்டர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். சின்னண்ணனை அழைத்துப் போனேன். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சின்னண்ணனிடம் கேட்டார்.

"பெருமாள், நாள் கணக்கில் அசையாமல் படுத்திருக்கவேண்டும். உங்களால் முடியுமா?"

"நான் படுத்துக்குவேன் சார். அவுங்கதான் சும்மா வுட மாட்டாங்க."

"அவர்களை யார் பார்த்துக்கொள்வது?"

சின்னண்ணன் யோசித்தார். "அது தெரியல. யாராச்சும் கையப் புடிச்சிக்கினா நல்லா இருக்கும்" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இரண்டு கைக்கும் இரண்டு பேர். வீட்டு ஆட்கள். முறை வைத்துத் தூங்கவேண்டும், ஒருவராவது எப்போதும் விழித்திருக்கவேண்டும். ஒத்துக்கொண்டால் நான் செய்கிறேன். ஒரு கண் இப்போது, இன்னொன்று அடுத்த வருஷம்" என்றார்.

நான் ஒரு கை. மறு கைக்கு நீங்கள் வரவேண்டும் அண்ணா.

சரோஜா


பாரூர்
11-1-1958

சரோஜாவுக்கு,

கடிதம் கிடைத்தது. டாக்டர் சொன்னது நியாயமாகப் படுகிறது. ஆனால் நான் வருவதில்தான் யோசனை.

கரும்பு வெட்டு தொடங்குகிறது. கரும்பு பிழிகிற ஆலை நம் தோட்டத்துக்கு வருகிற முறை அந்த வாரம்தான். தவறினால் அடுத்த முறை எப்போது என்று சொல்லமுடியாது. இதை முதலில் எழுதிவிட்டேன். காரணம் இது இல்லை என்பது உனக்குத் தெரிந்துவிடும், அதனால் அதையும் எழுதிவிடுகிறேன்.

அவன் காலில் சங்கிலி பூட்டியது நான். தினம் காலையில் அவிழ்த்து, வெளியே கூட்டிப்போய், திரும்ப வந்து பூட்டியது இந்தக் கைதான். என் கை பட்டாலே அவன் உடம்பு விறைத்துக்கொள்ளும். கண் தெரியாதவனுக்கு என்னைத் தெரிந்ததே அந்தத் தொடுதலில்தான் என்று இப்போது புரிகிறது. கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போது நான் போய்க் கையைப் பிடித்தால், சங்கிலி என்று நினைத்து எழுந்து ஓடமாட்டானா? என்னால் அந்தக் கண் போய்விட்டால்?

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காதா? இல்லாவிட்டால் நாராயணப்பனை அனுப்புகிறேன், திடமான ஆள்.

யோசித்து எழுது.

வெங்கடப்பன்


ஓசூர்
27-1-1958

அண்ணா,

யோசிக்க நேரமில்லை. என் மகனுக்கு நேற்று அம்மை வார்த்துவிட்டது. உடம்பு முழுக்கக் கொப்புளம். பயப்படவேண்டாம், சின்னம்மைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நான் இவனை விட்டு வரவும் முடியாது, வந்தால் முகாமில் சேர்க்கவும் மாட்டார்கள். சின்னண்ணனை நேற்றே பக்கத்துத் தெருவில் டீச்சர் அற்புதமேரி வீட்டில் விட்டுவிட்டேன். சின்னண்ணனுக்கு அம்மை முன்பே வந்திருக்கிறது, அதனால் ஒட்டாது என்றார்கள். சின்ன வயதில் உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாக வார்த்ததாக அம்மா சொல்வாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இவர் சின்னண்ணனைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்து வருகிறார். மறுநாள் ஞாயிறானாலும் வேலைக்குத் திரும்பியாகவேண்டும். அதற்குள் நீங்கள் வரவில்லை என்றால் அதே பஸ்ஸில் திரும்ப அழைத்து வந்துவிடுவார். நாராயணப்பன் வேண்டாம். வீட்டு ஆள் என்றுதான் டாக்டர் சொன்னார்.

என் கைக்குப் பதிலாக இன்னொரு கையும் வேண்டும். அண்ணியைக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீங்கள்தான் கேட்கவேண்டும்.

சரோஜா


கிருஷ்ணகிரி, கண் முகாம்
6-2-1958

சரோஜாவுக்கு,

குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா? மாப்பிள்ளை சொல்லியிருப்பார், நாங்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தோம். நாகம்மாவை நான் கேட்கவே இல்லை. உன் கடிதத்தைப் படித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஆலைக்கு நாராயணப்பன் நிற்கிறான்.

நீ இல்லாத இடத்தில் நடந்ததை எல்லாம் எழுதவேண்டும் என்று நாகம்மா சொல்கிறாள். எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்து அறைகளில் வைக்கோல் பரப்பிப் பாய் விரித்துப் படுக்கை. ஆபரேஷன் திங்கட்கிழமை. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டபோது மட்டும் "அய்யோ" என்றானாம். வெளியே கொண்டுவந்து கிடத்தி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்கள். கண் இரண்டுக்கும் கட்டு. நாகம்மா இடது கையைப் பிடித்தாள். அவன் சும்மா இருந்தான். நான் வலது கையைத் தொட்டேன். நான் உனக்கு எழுதியதுபோலவே ஆயிற்று. உடம்பு முழுக்கக் கட்டையாக விறைத்தது.

கையை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பிடிக்கவும் இல்லை. என் கையை மல்லாத்தி அவன் விரலுக்குக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு முழுதும் அப்படியே.

மறுநாள் சாயங்காலம்தான் சோதனை. பக்கத்தில் இருக்கிற அரிசி மில்லில் சங்கு ஊதினார்கள். எங்களுக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை. அவன் துடித்தான். "சங்கு ஊதிட்டாங்க. ஷிப்டுக்குப் போவணும். வுடுங்க, ஆளு எடுத்துக்குவாங்க, வேலை போயிடும்" என்று எழப் பார்த்தான். கட்டுக்குக் கை போயிற்று. நான் இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு பலம் அவனுக்கு! "அண்ணா, சங்கிலி போடாதே, போடாதே" என்று கத்தினான். அறையில் இருந்த அத்தனை பேரும் பயந்துவிட்டார்கள்.

"பெருமாளு, கட்டிப்போட புடிக்கலடா. கட்டு அவுறாம இருக்கத்தான் புடிச்சிக்கினு இருக்கறேன். கண்ணு வரட்டும், அப்பறம் நீ எங்க வேணா போ" என்றேன். அவன் காதில் விழவில்லை. மில்காரர்கள் கூப்பிடுவதுதான் விழுந்தது.

அப்போது நாகம்மா ஒரு காரியம் செய்தாள். அவள் பிறந்தது தளிப் பக்கம், கன்னடம்தான் அவளுக்குத் தாய்ப்பாஷை, உனக்குத் தெரியும். அவனிடம் பேசவில்லை. அவனுக்கு மேலே, ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்து, வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஆட்களிடம் பேசுவதுபோல அதட்டலாக, "இவத்து மில்லு ரஜா! ஹோகி, நாளெ பன்னி!" என்றாள்.

இன்றைக்கு மில் லீவு, போங்கள், நாளைக்கு வாருங்கள் என்று.

பெருமாள் இழுப்பதை நிறுத்தினான். கேட்கிற மாதிரி இருந்தான். "ரஜாவா?" என்றான். "ஆமாம்பா, ரஜா. மேஸ்திரியே சொல்லி அனுப்பிச்சாரு" என்றாள். மெதுவாகத் தலையை மணல் மூட்டைக்கு நடுவில் வைத்துக்கொண்டான். பிறகு வாய் கோணிற்று. வலிக்கிறதோ என்று பார்த்தால் சிரிக்கிறான். "போயிட்டாங்க அண்ணி. திட்டிக்கினே போறாங்க" என்றான்.

அடுத்த படுக்கைக் கிழவரும் சிரித்துவிட்டார். நர்சம்மா ஓடி வந்து, சிரித்தால் கண் அதிரும், யாரும் சிரிக்கக்கூடாது என்று எங்கள் எல்லோரையும் திட்டினார். டாக்டர் வந்து கட்டைத் தொட்டுப் பார்த்து, அவிழவில்லை, நகரவில்லை என்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு நாகம்மாவிடம், "தினமும் லீவு விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கு ஊதும்போதெல்லாம் லீவு விடுகிறாள். இன்றைக்கு ஒன்றும் கேட்காமல் தானாகவே, "இன்னிக்கும் ரஜா" என்று அவனே சொல்லிக்கொண்டான்.

இன்னொன்று. இப்போது என் கை அவன் விரலுக்குக் கீழே இல்லை. அவன் பிடித்துக்கொண்டிருக்கிறான். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட விடமாட்டேன் என்கிறான். இந்தக் கடிதத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள முடியாமல் எழுதுகிறேன், எழுத்துக் கோணலுக்கு அதுதான் காரணம்.

வெங்கடப்பன்


கிருஷ்ணகிரி
13-2-1958

சரோஜா,

கார்டில் இடம் இல்லை. இன்று காலை கட்டு அவிழ்த்தார்கள். டாக்டர் விரலைக் காட்டினார். பெருமாள் "மூணு" என்றான். சரி. இன்னொரு தரம் காட்டினார். "ரெண்டு." சரி. பிறகு தானாகவே, "அங்க செவப்பா நிக்கறது யாரு?" என்றான். நாகம்மா சேலை. எல்லாம் மங்கலாகத்தான் தெரியுமாம், புண் ஆறி ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி கொடுப்பார்கள், அப்போது முகம் தெரியுமாம். புகை போய்விட்டதா என்று கேட்டேன். போய்விட்டது என்றான். ஊருக்குப் போகிறோம். நாகம்மா அவனைப் பாரூருக்கே அழைத்துப் போகவேண்டும் என்கிறாள். நீ தடை சொல்லாதே.

வெங்கடப்பன்


ஓசூர்
17-2-1958

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

கார்டைப் பள்ளிக்கூடத்தில்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். வகுப்பு நடுவில் அழுதுவிட்டேன். பிள்ளைகள் யாரோ செத்துப்போனதாக நினைத்து எழுந்து நின்றார்கள். இல்லை, எங்கள் அண்ணனுக்குக் கண் தெரிகிறது என்றேன். கைதட்டினார்கள். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டோம், தழும்பு நெற்றியில் ஒன்றுதான்.

இனி எழுதுவது அண்ணிக்கு. அண்ணா, படித்துக் காட்டுங்கள்.

அண்ணி, பொங்கலன்று நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி தெரியவில்லை. நான் இங்கே அவரை வைத்திருந்த இரண்டு மாதத்தில் தூக்கமில்லாமல் எத்தனை தரம் பொறுமை இழந்தேன் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் இத்தனை வருஷம் அதைச் செய்தீர்கள். அவருக்குள் இருக்கிறவர்களை நான் கேட்டும் கேட்காததுபோல இருப்பேன், பயம். நீங்கள் அவர்களிடமே பேசி அனுப்பிவிட்டீர்கள்.

அவர் உங்களோடு இருப்பதற்கு நான் எப்படித் தடை சொல்வேன்? மாத்திரையை மட்டும் விடாமல் கொடுங்கள். தீர்வதற்கு முன்னால் எழுதுங்கள், இவர் பெங்களூர் போகும்போது வாங்கி அனுப்புவார். கணுக்கால் புண் ஆறியதா என்று பாருங்கள். எடை கூடியிருக்கிறதா என்று கிருஷ்ணகிரி போகும்போது போட்டுப் பாருங்கள்.

உங்கள் சரோஜா


பாரூர்
4-4-1958

சரோஜாவுக்கு,

உன் கடிதத்தை நாகம்மாவுக்கு அப்போதே படித்துக் காட்டினேன். "அவ சொன்னதை நான் எப்பவோ வுட்டுட்டேன், பையனைக் கூட்டிக்கினு லீவுக்கு வரச் சொல்லு" என்றாள். எப்பவோ என்பது பொய். உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான்.

போன வாரம் புதன்கிழமை கிருஷ்ணகிரி போய்க் கண்ணாடி வாங்கி வந்தோம். கண்ணாடி கனம், பாட்டில் அடிப்பாகம் மாதிரி. அங்கேயே போட்டுவிட்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு வழியில் தெரிந்த போர்டுகளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தான். தமிழும் படித்தான், கன்னடமும் படித்தான். டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நாகம்மா ஆசையாக முன்னால் வந்து நின்றாள். கண்ணாடி வழியாக நன்றாகப் பார்த்தான். "நீங்க யாரு?" என்றான். "நான்தாம்பா, உங்க அண்ணி" என்றாள். குரல் அவனுக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணியா? கெழவி ஆயிட்டீங்களே!" என்றான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், அன்று மாலை வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினான். கிட்டே வந்து என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தான். "எப்பண்ணா இப்பிடி நரைச்சுது?" என்றான்.

ஊரில் எல்லாரும் வந்து பார்க்கிறார்கள். கண் வந்துவிட்டதே, புத்தியும் திரும்பிவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. இன்றைக்குக் காலையில்கூட வேலியோரம் நின்று மில்காரர்களோடு வாதாடிக்கொண்டிருந்தான். அவர்கள் பாட்டுக்கு வருகிறார்கள், போகிறார்கள். ஆனால் அவன் தானே போய் வாய்க்காலில் குளிக்கிறான், தட்டைத் தானே எடுத்து வைத்துச் சாப்பிடுகிறான், ராஜாத்தி குறுக்கே வந்தால் விலகி நடக்கிறான். நேற்று மடை மாற்றிவிடச் சொன்னேன். சரியாக மாற்றினான். கேட்கிறவர்களுக்கு, "கண்ணு திரும்பியிருக்கு, அதுவே பெரிய காரியம்" என்று சொல்கிறேன். கண்ணும் புத்தியும் வேறு வேறு என்பதை ஊருக்கு விளக்கிச் சொல்ல என்னால் ஆகாது.

இப்போது எழுத உட்கார்ந்ததே வேறு ஒன்றுக்காக.

முந்தாநாள் நாகம்மா என்னைக் கூப்பிட்டு, "அவரு சாப்பிடறதைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். ஒரு பக்கமாகவே மெல்லுகிறான். முன்பெல்லாம் இதைப் பார்த்தால் கிறுக்குத்தனத்தில் இதுவும் ஒன்று என்று போயிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து, "பெருமாளு, பல்லு வலிக்குதா?" என்றேன்.

"ஆமாண்ணா, ரொம்ப நாளா வலிக்குது" என்றான். வாயைத் திறந்து எந்தப் பல் என்று விரலால் காட்டினான்.

கேட்டால் சொல்கிறான், சரோஜா.

ஓசூரில் நல்ல பல் டாக்டர் யார் என்று மாப்பிள்ளையிடம் கேட்டு வை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். மூன்று பேருக்கும் சோறு வை.

வெங்கடப்பன்